வேனுக்குள் ஓர் அடுப்பு முனை

அன்று காலையில் பனி விழுந்துகொண்டிருந்ததா, இல்லை முந்தின நாள் விழுந்த பனிதான் அப்படியே கிடந்ததா என்பது எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. இம்சுனைக் கேட்டால் பனியே இல்லை என்கிறாள். அவள் ஓரகத்தி மிரானோ முழங்கால் வரைக்கும் பனி என்கிறாள். பக்கத்து மீன் களம் எங்களுடையது. வேலியோரம் நின்று பார்த்தது பாதி, பிறகு அவர்கள் சொல்லிக் கேட்டது பாதி. கேட்டதையும் பார்த்ததுபோலவே மனம் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறது. எது எப்படியோ, அந்த வேனின் தரையில் ஓட்டை விழுந்தது உண்மை. அதைப் போட்டவள் இம்சுன் என்பதும் உண்மை.

எங்கள் பள்ளத்தாக்கில் எல்லோரும் குளிரைத்தான் வேண்டிக்கொள்வார்கள். மியோங்தே மீன் இரவில் உறைந்து, பகலில் இளகி, மறுபடி உறைந்து, அப்படியே வசந்தம் வரைக்கும் வெட்டவெளி மரப் பரணில் தொங்கினால்தான் சதை பஞ்சாகிப் பொன்னிறம் பிடிக்கும். டிசம்பர் கடைசியில் குளிர் இறங்காவிட்டால் களத்துக்காரர்கள் முகத்தில் ஈயாடாது. இறங்கிவிட்டாலோ எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள், மருமகள்கள் எல்லோரும் வந்து சேர்ந்துவிட வேண்டும். மீனைத் தொங்கவிட ஆள் வேண்டுமே.

இம்சுன் வோன்ஜுவில் ஒரு பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அறுபதைத் தாண்டியாயிற்று. அவள் கணவன் தால்சு அந்த வீட்டின் மூத்த மகன். களத்தை நடத்துவது அவன் தம்பி ஹக்சு. கல்யாணமான முதல் குளிர்காலத்திலிருந்து ஒரு வருடம்கூடத் தவறாமல் இம்சுன் வந்திருக்கிறாள். மீன்களை ஜோடி ஜோடியாகக் கோத்து மேலே நிற்பவர்களுக்கு எடுத்துக் கொடுப்பாள். வந்த கூட்டத்துக்கெல்லாம் சோறாக்கிப் போடுவாள். அதிலெல்லாம் அவளுக்குக் குறை இல்லை. குறை படுக்கையில்தான்.

அந்த வீட்டில் படுக்க ஒரே ஓர் அறைதான் உண்டு. மற்ற அறைகளில் மீன் பெட்டிகள். பெரிய அறைக்கு வெளியே சுவரோரம் அடுப்பு. விறகு எரியும்போது சூடு அறையின் தரைக்கு அடியில் கற்களுக்குள் ஓடும். அடுப்புக்குப் பக்கத்திலிருக்கும் முனையில் தரை கொதிக்கும். அங்கே ஒட்டிய எண்ணெய்த்தாள் வருடக்கணக்காகச் சுட்டுப் பழுத்து, கருவாட்டுத் தோல் நிறத்துக்கு வந்திருந்தது. எதிர்முனை வாசல் கதவு. அங்கே போய்ச் சேருவதற்குள் சூடு செத்துவிடும். கதவிடுக்கு வழியாகக் காற்று வந்து காதைத் தடவும். அடுப்பு முனையில் மாமியார். அடுத்து மூத்த மகன், இளைய மகன். கடைசியில், கதவு முனையில், மருமகள்கள். விடியும் முன் எழுந்து அடுப்பில் விறகு வைக்க வேண்டியவர்கள் கதவுப் பக்கம் படுப்பதுதான் வசதி என்று அதற்கு ஒரு நியாயமும் உண்டு.

முந்தின வருடம் முழங்காலில் அறுவை செய்துகொண்டு வந்திருந்தாள் இம்சுன். அதுவரை கேட்காததை அன்று கேட்டாள். "அத்தை, இந்த ஒரு வருஷம் மட்டும் நடுவுல படுத்துக்கட்டுமா? கால் விறைச்சுப் போகுது."

மாமியார் தலையணையைத் தட்டிக்கொண்டே சொன்னார். "அவங்கவங்க எடம்னு ஒண்ணு இருக்குல்ல, தாரேயம்மா. எனக்கப்புறம் இந்த எடம் ஒனக்குத்தானே. மூத்த மருமக நீ."

தாரே என்பது இம்சுனின் மகள். மாமியார் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. அன்று அவர் அன்பாகத்தான் சொன்னார். இம்சுனைத் தூங்கவிடாமல் செய்தது அந்த அன்புதான்.

அந்தக் கோடையில் அவள் ஒரு பழைய வேன் வாங்கினாள். ஒரு மழலையர் பள்ளி தள்ளிவிட்ட மஞ்சள் வேன். பக்கவாட்டில் ஒரு கோழிக்குஞ்சுப் படம், தேய்த்தும் முழுக்கப் போகவில்லை. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகையடித்துக் கட்டில் செய்தாள். இலையுதிர் காலம் முழுக்கத் தனியாக அதை ஓட்டிக்கொண்டு அலைந்தாள். குளிர் தொடங்கியதும் டீசல் ஹீட்டர் ஒன்று வரவழைத்தாள். வண்டியின் இன்ஜின் ஓடாமலே, இருக்கைக்கு அடியில் உட்கார்ந்து தன்பாட்டுக்கு எரிந்து சூடான காற்றை ஊதுகிற சின்னப் பெட்டி அது.

களத்துக்கு வருகிற வழியில் வொன்தோங் ஊரில் ஒரு மெக்கானிக் கடையில் வண்டியை நிறுத்தினாள். கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தார். வேனுக்குள் எட்டிப் பார்த்தார். தால்சு அன்று காலை பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டிருந்தான்.

"மாட்டலாம். வீட்டுக்காரர் எங்க?"

"அவர் எதுக்கு?"

"தரையில ஓட்டை போடணும்மா. ஒரு தடவ போட்டா போட்டதுதான். நாளைக்கு அவர் வந்து, யாரைக் கேட்டு போட்டேன்னு என் சட்டையப் பிடிப்பார்."

"வண்டி என் பேர்ல இருக்கு."

"பேர் ஒங்களோடதுதான். நான் இல்லைங்கல. இருந்தாலும்..."

அந்த 'இருந்தாலும்' முடியட்டும் என்று இம்சுன் காத்திருந்தாள். அது முடியவில்லை. கடைக்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். அவள் பெட்டியை மூடினாள். "ஓட்டை போடற பிளேடு ஒண்ணு வெலைக்குக் குடுங்க" என்றாள். அதைக் கொடுப்பதில் அவருக்குத் தயக்கம் ஒன்றும் இருக்கவில்லை.

முதல் நாள் மீன் வேலை பிற்பகலிலேயே ஓய்ந்தது. எல்லோரும் அடுப்போரம் நின்று சூடான பார்லித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது இம்சுன் வேன் கதவைத் திறந்து பெட்டியை இறக்கினாள்.

"இன்னிக்கு நான் உள்ள படுக்கல" என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

ஹக்சு சிரித்துவிட்டான். "அண்ணி, கோழிக்குஞ்சுக்குள்ளயா படுக்கப் போறீங்க? காலைல கதவத் தெறந்தா ஒங்களையும் மூக்குல கயிறு கோத்துப் பரண்ல ஏத்த வேண்டியதுதான். இந்த வருஷம் சரக்கு ஒண்ணு கூடுதல்."

"ஏத்து தம்பி. ஒங்கண்ணன் பக்கத்துல தொங்கவிடாத, அது போதும்."

மிரான் குவளைக்குள் சிரித்தாள். ஹக்சு திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். மிரான் ஹக்சுவின் மனைவி. அந்த வீட்டிலேயே வருடம் முழுக்க இருப்பவள். அவளுக்குக் கதவு முனை குளிர்காலத்து ஏற்பாடு அல்ல, வாழ்க்கை.

மாமியார் கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். எண்பதைக் கடந்தவர். முதுகு வளைந்திருந்தாலும் குரல் வளையவில்லை.

"அது எரியலன்னா?" என்றார்.

"எரியும் அத்தை."

"எரியலன்னா என்னன்னு கேட்டேன்."

இம்சுன் மலையைப் பார்த்தாள். சாயும் வெயில் அதில் பாதி உயரத்துக்கு ஏறியிருந்தது. "ராத்திரிச் சோத்துக்கு முன்னால எரியணும். எரியலன்னா கதவு முனையிலயே படுத்துக்கறேன். அப்புறம் சாகற வரைக்கும் எடம் பத்தி வாயத் தெறக்கமாட்டேன்."

"எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றார் மாமியார்.

தால்சு பார்லித் தண்ணீர்க் குவளையோடு வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். தாயின் முன்னால் மனைவிக்கு ஆதரவாகவும் மனைவியின் முன்னால் தாய்க்கு ஆதரவாகவும் ஒருநாளும் பேசியிராதவன் அவன். "பாத்து, மெதுவா" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

இம்சுன் மீன் பெட்டி அட்டையொன்றை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தாள். முழங்கால் கத்தியது. கத்தட்டும் என்று விட்டாள். மேலே, முன் இருக்கைக்கு அடியில் எந்த இடத்தில் ஓட்டை போடப்போகிறாளோ, அதற்கு நேர் கீழே என்ன போகிறது என்று கையால் தடவிப் பார்த்தாள். பிரேக் குழாய் ஒரு சாண் தள்ளிப் போனது. டீசல் தொட்டி பின்னால் இருந்தது. வயர்க் கட்டு ஒன்று குறுக்கே தொங்கியது; அதை ஒதுக்கிக் கட்டினாள். பிறகு உள்ளே ஏறி முதலில் ஊசிபோல ஒரு துளை போட்டாள். மறுபடி இறங்கி, படுத்து, அந்தத் துளை வழியாக மஞ்சள் வெளிச்சம் ஒரு பொட்டாக வருவதைப் பார்த்தாள். நினைத்த இடம்தான்.

வட்ட பிளேடை டிரில்லில் மாட்டிக்கொண்டு மண்டியிட்டாள். இந்த வீட்டில் இதுவரை அவள் செய்ததெல்லாம் கழுவினால் போய்விடுகிற காரியங்கள். சோறாக்கினாள், தின்று தீர்ந்தது. துவைத்தாள், அழுக்காயிற்று. தொங்கவிட்டாள், இறக்கி விற்றார்கள். திரும்ப மூட முடியாத ஒன்றை அவள் செய்ததே இல்லை.

"அண்ணி, இன்னும் நேரமிருக்கு! விட்டுருங்க" என்று வெளியிலிருந்து ஹக்சு கத்தினான்.

அவள் டிரில்லை அழுத்தினாள்.

இரும்பு கிறீச்சிட்ட சத்தம் எங்கள் களம் வரைக்கும் வந்தது. எங்கள் நாய் எழுந்து நின்றது. சத்தம் நின்றபோது அவள் கையில் ஒரு மஞ்சள் வட்டத் தகடு, சூட்டில் ஆவி பறந்தபடி கிடந்தது. அதைக் கொண்டுவந்து மாமியாரின் காலடியில் பனிமேல் போட்டாள். அது 'ஸ்' என்று ஓர் ஓசையோடு பனிக்குள் இறங்கியது.

பிறகு வேலை தானாகவே ஓடியது. ஓட்டையின் வெட்டு விளிம்பை அரத்தால் தேய்த்துப் பெயின்ட் தடவினாள். ஹீட்டரை அடித்தகட்டோடு உட்காரவைத்து, ரப்பர் வளையம் நசுங்கும்வரை போல்ட்டை இறுக்கினாள். புகைக்குழாயை வண்டியின் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய், உள்ளே தண்ணீர் தேங்காதபடி சரிவாகக் கட்டினாள். காற்று இழுக்கும் குழாயை அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பினாள். தான் விட்ட புகையைத் தானே இழுத்தால் அது மூச்சுமுட்டிச் செத்துவிடும், உள்ளே படுத்திருப்பவரையும் சேர்த்துக் கொண்டுபோகும். புகை கசிந்தால் கத்துகிற அலாரம் ஒன்றைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினாள். மிரான் சொல்லாமலே வந்து டார்ச் பிடித்தாள். கேட்பதற்கு முன்பே சரியான ஸ்பேனரை நீட்டினாள்.

"ஒனக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று அடியிலிருந்து கேட்டாள் இம்சுன்.

"தெரியாதுக்கா. நீங்க பாக்கற பக்கம் பாத்து எடுத்துக் குடுக்கறேன்."

தால்சு வண்டிக்குள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். ஒரு தடவை, "உள்ள என்ன பண்றீங்க?" என்று இம்சுன் கீழிருந்து கேட்டாள். "சும்மாதான்" என்றான். மாமியாரும் ஒருமுறை எழுந்து வந்து, படியில் ஒரு காலை வைத்து, தலையை உள்ளே நீட்டிக் கட்டிலைப் பார்த்தார். மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

வயர்களைப் பேட்டரியில் சேர்த்தபோது வெயில் மலையின் உச்சிக்கு ஏறிவிட்டிருந்தது. பள்ளத்தாக்கு நீலமாயிற்று. வீட்டுக்குள் சோற்றுப் பானையின் ஆவி மணம் எழுந்தது.

பொத்தானை அழுத்தினாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வண்டிக்கு அடியில் பம்ப் 'டிக், டிக், டிக்' என்று துடிக்கத் தொடங்கியது. ஃபேன் மெல்லச் சுற்றியது. எல்லோரும் வேன் கதவருகே கூடிவிட்டார்கள். டீசல் குழாயில் ஊர்ந்து போவதை மிரான் டார்ச் அடித்துப் பார்த்து, "போகுதுக்கா, போகுது" என்றாள். புகைக்குழாயிலிருந்து வெள்ளையாக ஒரு கட்டிப் புகை வந்தது. உள்ளே ஏதோ பற்றிக்கொண்டு உறுமியது. ஊதுகிற வாயில் கையை வைத்தாள் இம்சுன். வெதுவெதுப்பு. அது சூடாகத் தொடங்கியது. ஃபேன் வேகம் பிடித்தது.

உடனே ஒரு முனகல். ஃபேன் திணறியது, நின்றது. சின்னத் திரையில் பிழை எண் ஒன்று மினுக்கியது.

ஹக்சு தொடையில் தட்டிச் சிரித்தான். "முடிஞ்சுதா! அண்ணி, ஒங்க எடத்துல ஒரு போர்வை கூடுதலாப் போடச் சொல்றேன், கவலப்படாதீங்க."

இம்சுன் மிரானிடமிருந்து டார்ச்சை வாங்கி இருக்கைக்கு அடியில் குனிந்தாள். வண்டிக்குள்ளிருந்து ஹீட்டர் காற்று இழுக்கிற பின்வாயில் ஏதோ ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு மீன். முழு மியோங்தே கருவாடு. வாய் பிளந்து, கண் திறந்து, உடம்பெல்லாம் வெள்ளை நூல் சுற்றப்பட்டு. புது வண்டிக்குக் கண்ணேறு கழிக்க வைப்பார்களே, அது. உறங்காத கண்ணால் கெட்டதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் என்று. அதன் நூலை ஃபேன் கவ்வி இழுத்து, தன்மேல் சுற்றிக்கொண்டு, மூச்சடைத்து நின்றிருந்தது.

அவள் நூலை அறுத்து மீனை வெளியே எடுத்தாள். நேரே மாமியாரிடம் நடந்தாள்.

"அத்தை, இது என்ன?"

"மீன்."

"மீன்னு தெரியுது. யார் வெச்சது?"

"இந்த ஊர்ல மீனுக்கா பஞ்சம்?"

"நூல் சுத்துன மீன். நீங்கதான் உள்ள வந்து எட்டிப் பாத்தீங்க. எரியக்கூடாதுன்னா சொல்லியிருக்கலாமே, எதுக்கு ஒளிச்சு வைக்கணும்?"

மாமியார் எழுந்து நின்றார். அவர் முழுக்க நிமிர்ந்தாலும் இம்சுனின் தோளுக்குத்தான் வருவார். "ஒன்னத் தடுக்கணும்னா மூஞ்சிக்கு நேரா தடுப்பேன். எதையும் ஒளிச்சு வைக்கிற பழக்கம் எனக்கு இல்ல." மூச்சு வாங்கினார். "அந்தக் கதவு முனையில நான் எத்தன வருஷம் கெடந்தேன் தெரியுமா? நாலு புள்ள பெத்து ரெண்டப் பறிகுடுத்ததும் அந்தக் கதவு முனையிலதான். ஒரு வார்த்த பேசினேனா? என் மாமியா போனதுக்கப்புறம் அந்த எடம் எனக்கு வந்துச்சு. ஒனக்கும் வரும். அது வரைக்கும் பொறுக்க முடியல, அதானே?"

இம்சுனின் கையில் மீன் இருந்தது. பரணில் உறையத் தொடங்கியிருந்த மீன்கள் காற்றில் ஒன்றோடொன்று மோதி மரக்கட்டைச் சத்தம் கேட்டது.

"ஆமா அத்தை, முடியல" என்றாள் கடைசியில். "போன வருஷம் ஒங்களுக்கு இருமல் வந்துச்சுல்ல. நான் கதவுகிட்ட குளிர்ல முழிச்சுக்கெடந்தேன். நீங்க இருமறத என் மனசு காது குடுத்துக் கேட்டுச்சு. எப்ப நிக்கும்னு கேக்கல. இது எவ்வளவு தூரம் போகும்னு கேட்டுச்சு. நீங்க போனா எனக்குச் சூடு கெடைக்கும்னு ஒரு கணக்கு உள்ள ஓடிச்சு. என்னையே எனக்குப் பிடிக்கல. நீங்க சாகறதுக்காகக் காத்துக்கிட்டுப் படுத்திருக்கறதவிட வண்டியில ஓட்டை போடறது மேல்."

மிரான் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமியார் அசையவில்லை. முகத்தில் கோபம் வருகிறதா என்று இம்சுன் பார்த்தாள். வந்தது கோபம்தானா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"எல்லாரும் கேக்கறதுதான்" என்றார் மாமியார் மெதுவாக. "நானும் கேட்டேன். என் மாமியாவும் கேட்டிருப்பா. வாயத் தெறந்து சொன்னவ நீ ஒருத்திதான்." பெட்டிமேல் மறுபடி உட்கார்ந்தார். "போ. சோறு இன்னும் எறக்கல. பேச்சு பேச்சுதான். எரியலன்னா கதவு முனை."

அப்போதுதான் தால்சு வாய் திறந்தான். "நான்தான் வெச்சேன்."

மாமியாரும் இம்சுனும் ஒரே நேரத்தில் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வண்டியில தனியாப் படுக்கப் போறாளே... ஏதாச்சும் ஆயிடக்கூடாதுன்னு... சீட்டுக்கு அடியில வெச்சா யார் கண்ணுலயும் படாதுன்னு..."

"யார் கண்ணுல படக்கூடாது?" என்றாள் இம்சுன்.

தால்சு தாயைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "யார் கண்ணுலயும்."

"நாப்பது வருஷத்துல மொத தடவயா என் பக்கம் நின்னீங்க. அதையும் சீட்டுக்கடியில நின்னீங்க."

ஹக்சு வெடித்துச் சிரித்தான். மாமியாரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பை அடக்கியதாகத்தான் மிரான் சொல்கிறாள்.

இம்சுன் மீனைத் தால்சுவின் கையில் திணித்துவிட்டு வேனுக்குப் போனாள். மூடியின் திருகுகளைக் கழற்றினாள். ஃபேன் தண்டில் நூல் இறுகச் சுற்றி, எண்ணெய்க் கறுப்பேறி, கல்லாக இருந்தது. விரலால் வரவில்லை. கத்தி முனை இறக்கையைக் கீறிவிடும். மிரான் ஓடிப்போய், மீனின் மூக்கில் கயிறு கோக்கிற வளைந்த ஊசியைக் கொண்டுவந்தாள். அதன் முனையால் ஒவ்வொரு சுற்றாகக் கிளப்பி அறுத்தாள் இம்சுன். விரல்கள் மரத்துப்போய் ஊசி இரண்டு தடவை நழுவியது. வீட்டுக்குள் மடக்குச் சாப்பாட்டு மேசையின் கால்களை யாரோ விரிக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணி, சூப்பு கொதிச்சிருச்சு!" என்றான் ஹக்சு வாசலிலிருந்து. இம்முறை அவன் குரலில் கேலி கொஞ்சம் குறைந்திருந்தது.

"கொதிக்கட்டும். எறக்கினா சொல்லு."

கடைசி இழையை உருவினாள். இறக்கையை விரலால் சுண்டினாள். தடையில்லாமல் சுற்றியது. மூடியை மாட்டி, பேட்டரி வயரைக் கழற்றி மறுபடி சேர்த்து, பொத்தானை அழுத்தினாள்.

டிக், டிக், டிக்.

முன்பு எரியாமல் தங்கியிருந்த டீசல் இப்போது சேர்ந்து புகைந்தது. வேனைச் சுற்றி வெள்ளைப் புகை மூடியது. "எரியுது! வண்டி எரியுது!" என்று ஹக்சு வாளியைத் தேடி ஓடினான். இம்சுன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். நகரவில்லை. இந்தத் தடவையும் பற்றவில்லையென்றால் உள்ளே போய்க் கதவு முனையில் படுப்பாள், பேச்சு பேச்சுதான். ஆனால் அதுவரைக்கும் இந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கப் போவதில்லை. புகை மெலிந்தது. நீலமாயிற்று. பிறகு ஒன்றுமே இல்லாமல், குழாய் வாயில் காற்று மட்டும் நடுங்கியது. உறுமல் சீரான ஊதலாக மாறியது. சூடான காற்று அவள் முழங்காலில் வந்து விழுந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கால் தன் வலியை ஒவ்வொரு விரலாக விட்டுக்கொடுப்பதை உணர்ந்தாள். அலாரம் அமைதியாக இருந்தது. அதன் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது.

மாமியார் வந்து கதவருகே நின்றார். காய்ப்பேறிய உள்ளங்கையை ஊதுகிற வாய்க்கு நேரே நீட்டினார். நீட்டியபடியே நின்றார். "சோறு ஆறுது" என்றுமட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவி வைத்து, இம்சுன் வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே மிரான் வந்தாள். கையில் தலையணை.

"அக்கா, எடம் இருக்கா?"

"எங்கடி கெளம்பிட்ட?" என்றான் ஹக்சு உள்ளிருந்து.

மிரான் திரும்பிப் பார்க்கவில்லை. "வெளிய" என்றாள். கல்யாணமானதிலிருந்து அவள் அவனுக்குச் சொன்ன பதில்களிலேயே சிறியது அதுதான்.

"அப்ப விடிகாலைல யார் அடுப்புக்கு வெறகு வைக்கறது?"

"கதவுகிட்ட யார் படுக்கறாங்களோ அவங்க" என்றாள் இம்சுன்.

தால்சு செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் நின்றான். "நானும்..." என்று தொடங்கினான்.

"ஒங்க எடம் உள்ள இருக்கு" என்றாள் அவள். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னாள். வேன் கதவு வழுக்கி மூடியது. கோழிக்குஞ்சுப் படத்துக்கு மேலிருந்த கண்ணாடி மெல்ல வியர்த்தது.

மறுநாள் விடியலில் எங்கள் களத்துக்கு விறகு வெட்டுகிற சத்தம் கேட்டது. கோடரி ஒழுங்காக இறங்கவில்லை. புதுக் கை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் இம்சுன் வந்தாள், மீன் தொங்கவிட்டாள், வேனில் படுத்தாள். மாமியார் மூன்றாம் வருடம் வசந்தத்தில், மீன் இறக்குகிற வாரத்தில், அடுப்பு முனையில் படுத்தபடியே போனார். அந்த இடத்தை இம்சுன் எடுத்துக்கொள்ளவில்லை. களத்துக்கு வரும்போது தால்சு முதுகுவலிக்காக அங்கே படுக்கிறான். மிரான் ஓட்டுநர் உரிமம் வாங்கி, சோக்சோ மீன் சந்தையில் வேலைக்குப் போகிறாள். ஹக்சு இன்னும் களத்தை நடத்துகிறான், இன்னும் கேலி பேசுகிறான், விறகும் வெட்டுகிறான். வொன்தோங் கடைக்காரர் இப்போது பெண்கள் தனியாக வந்தாலும் ஓட்டை போட்டுக் கொடுக்கிறார் என்று கேள்வி. இம்சுனும் தால்சுவும் வோன்ஜுவில் நலமாக இருக்கிறார்கள்.